பம்ப் ஓடத் தொடங்கிய நேரம்

இன்றைக்கு ஒரு நாளாவது அவர் பேச்சு இல்லாமல் இந்த ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பிள்ளை பிறக்கட்டும்...

முகக்கவசத்துக்குள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பகல் மணி 2:15. நம்புவது உங்கள் விருப்பம். நேரமெல்லாம் கேஸ் ஷீட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

நான் மயக்க மருந்து டாக்டர். எனக்கு முன்பு இந்த இடத்தில் இருந்த அம்மாவைப் பெரிய டாக்டர் என்பார்கள். அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டால் தாயின் பிரஷர் சடசடவென்று இறங்கும். அவர் இறங்கவே விடமாட்டார். ஊசி போட்ட கையோடு பம்பில் பிரஷரை ஏற்றும் மருந்தை ஓடவிடுவார். வலது இடுப்புக்கடியில் துணியை மடித்து வைத்து, வயிற்றை இடப்பக்கம் சாய்ப்பார்.

நானும் இத்தனை நாள் அதையேதான் செய்தேன். பாராட்டு மட்டும் அவருக்குப் போனது. உயிரோடு இருப்பவள்மீது பொறாமை என்றால் சண்டையாவது போடலாம். செத்தவரிடம் என்ன செய்வது?

மேசையில் இருந்த பெண்ணுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தேன். அவர் வழி வேண்டாம் என்று பம்பைத் தொடவில்லை. துணியும் வைக்கவில்லை.

"பெரிய டாக்டர் இருந்தா இந்நேரம் பம்ப் ஓடியிருக்கும்," என்றாள் நர்ஸ் அக்கா.

"இறங்கட்டும் அக்கா. பார்த்துக்கலாம்."

2:17. பிரஷர் 112.

2:18. 90.

"டாக்டர்... குமட்டுது..." அவளுக்கு இது தலைப்பிரசவம். உதடு வெளுத்திருந்தது.

2:19. 64.

"என்னம்மா நடக்குது அங்க?" சர்ஜன் கத்தினார். "குழந்தை துடிப்பு குறையுது!"

அவர் கைகள் இரண்டும் வயிற்றின்மேல். நர்ஸ் அக்காவின் கைகள் வாந்திக் கிண்ணத்தில். என் ஒரு கை அந்தப் பெண்ணின் நாடியில், மறு கை ஆக்சிஜன் குழாயில். அவளைச் சுற்றி நாங்கள் மூவர்தான்.

டிக்.

பம்பில் பச்சை விளக்கு...

வயிறு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

யாரும் தொடவில்லை.

2:20. 98.

2:21. 116.

2:26. குழந்தை அழுதது.

"பெரிய டாக்டரே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு," என்று சிரித்தார் சர்ஜன். அப்போதும் எனக்கு எரிந்தது. அவளைக் கட்டிலுக்கு மாற்றும்போது வலது இடுப்புக்கடியில் பார்த்தேன். ஒரு துணி, நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

மாலையில் பம்பின் பதிவை எடுத்துப் பார்த்தோம். பட்டன் அழுத்திய நேரம் 2:19.

மறுநாள் வார்டில் அவள் கேட்டாள். "என் தலைமாட்டுல உட்கார்ந்திருந்தாங்களே, நரைச்ச தலை, இன்னொரு டாக்டர்... அவங்க எங்க?"

"யாரும் இல்லையேம்மா."

"இருந்தாங்க. உங்களைத்தான் திட்டிக்கிட்டே இருந்தாங்க. 'வாயாடி, எதுக்குடி காத்துட்டிருக்கே'ன்னு."

என்னை வாயாடி என்று கூப்பிட்டவர் ஒருவர்தான். அதுவும் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது.

"அவங்க பேரைச் சொல்லுங்க டாக்டர். என் பொண்ணுக்கு அதையே வைக்கப்போறேன்."

குழந்தை கொட்டாவி விட்டது. பெயர் என் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"வேற பேர் வைங்கம்மா," என்று சொல்லிவிட்டு, பிரஷர் பட்டையை அவள் கையில் சுற்றினேன்.