ஸ்பிரிங்குக்கு வயசாச்சு

போன சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் ஒரு வெடிச் சத்தம்.

பக்கத்து வீட்டு மேரி டீச்சர், கேஸ் சிலிண்டர்தான் போய்விட்டது என்று நினைத்து மதில் வரைக்கும் ஓடி வந்துவிட்டார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர், தகரத்தில் தேங்காய் விழுந்ததாக நினைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினாராம். எங்கள் பகுதியான மணக்காட்டில் தென்னைமரத்தோடு வீடு வைத்திருப்பவர்களுக்குத் தேங்காய்ச் சத்தம் ஒரு செய்தியே அல்ல.

இரண்டும் இல்லை. சத்தம் வந்தது எங்கள் கார் ஷெட் ஷட்டரின் மேலே இருக்கும் பெட்டியிலிருந்து. அந்த நேரத்தில் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஷிபின் என்ற இளைஞர். ஜிம்மில் பயிற்சியாளர். எங்கள் காரை வாங்க வந்தவர்.

காரை விற்கிறீர்களா என்று கேட்காதீர்கள்... விற்க இருந்தோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது சின்ன சிவப்புக் கார். நான் ரிட்டயர் ஆன வருடம் வாங்கியது. அந்த வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டு கிழக்கேகோட்டை நெரிசலில் ஓட்டிப் பழகினேன் என்றால், அதற்குப் பிறகு உலகத்தில் எந்த ரோட்டிலும் ஓட்டலாம். சாலைக் கடைத்தெருவுக்குப் போவது, மேரி டீச்சரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவது, நாகர்கோவிலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவது... எல்லாம் அதில்தான். என் கணவர் கார் ஓட்டுவதில்லை. பக்கத்து சீட்டில் இருந்து பிரேக் போடுவார்.

கார் ஷெட்டுக்குக் கடைகளில் இருப்பது போன்ற இரும்பு ஷட்டர். கையால் தூக்கித் திறப்பது. புதிதில் குனிந்து பிடியைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் போதும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். போன மழைக்காலத்திலிருந்து அது கனக்கத் தொடங்கியது. ஒரு கை போதாமல் இரண்டு கை ஆனது. பிறகு முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, தோளை உள்ளே நுழைத்துத் தூக்குவது என்று ஆனது. அப்புறம் தோள் வலி.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்று ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். பெங்களூரு மகன் வீடியோ காலில் வந்து, ஆப்பில் கார் புக் பண்ணக் கற்றுக்கொள் என்றான். என் கணவர் ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு போய் ஷட்டர் ஓடும் தடத்தில் இரண்டு பக்கமும் தடவினார். ஷட்டர் மணத்தது. கனம் குறையவில்லை.

ஒருநாள் காலையில் பாதி ஏறிய ஷட்டர் கையிலிருந்து நழுவியது. என் காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல்தான் இடைவெளி. நான் கத்தவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இவர்தான் கத்தினார். அன்றைக்குச் சாயங்காலம் காப்பி குடிக்கும்போது மெல்லச் சொன்னார்.

"இனி போதும், கேட்டியா. ஒனக்கும் வயசாச்சுல்லா. வண்டிய குடுத்துருவோம். கூப்பிட்டா ஆட்டோ வருது."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். குரலில் பயம் இருந்தது. 'உனக்கு வயதாகிவிட்டது' என்று எரிச்சலோடு சொன்னால் மறுத்துப் பேசலாம். அன்போடு சொன்னால்? நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

நம்பினேன். நம்பத் தொடங்கியதும் நிஜமாகவே வயதாகிவிட்டது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். கடைக்குப் போனால் பையைத் தூக்க வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். தினமும் ஓட்டின காரை எப்போதாவது எடுத்தேன். ஒவ்வொரு முறை சாவியை மாட்டி வைக்கும்போதும், இது கடைசித் தடவையாக இருக்கலாம் என்று தோன்றும். யாரிடமும் சொல்லவில்லை... இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம். காரைக் காட்டுவதற்காக ஷட்டரைத் தூக்க நான் குனிந்தேன். ஷிபின் தடுத்தார். "ஆன்ட்டி மாறி நில்க்கு. ஞான் பொக்காம்." பொக்குவது என்றால் மலையாளத்தில் தூக்குவது. டீ ஷர்ட்டுக்குள் அடங்காத கைகள். இந்தக் கைகளுக்கு ஒரு ஷட்டரா என்று நினைத்து ஒதுங்கி நின்றேன்.

முழங்கால் வரை தூக்கியவர் அதோடு நின்றார். முகம் சிவந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்து, நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்.

"ஆன்ட்டி டெய்லி இது ஒற்றைக்கோ பொக்குன்னது?"

தனியாகவா தூக்குகிறீர்கள் என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் அந்த வெடி. ஷட்டர் அவர் கையை விட்டுத் தரையில் மோதியது. நல்லவேளையாக அவர் துள்ளிப் பின்னால் போய்விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேப்பரை வைத்துவிட்டு இவரும் வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஷட்டர் அசையவில்லை. கார் உள்ளே, வாங்க வந்தவர் வெளியே.

வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு ஷட்டரை வெட்டி எடுத்துவிட்டால், காரை இன்றைக்கே கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். எனக்கு அது காதில் சரியாக ஏறவில்லை. ஷிபின் கேட்ட கேள்வியே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கனம் தூக்குவதையே தொழிலாக வைத்திருக்கும் ஆள், சத்தம் வருவதற்கு முன்பே திணறினார். அப்படியென்றால் கோளாறு என் தோளில்தானா?

"வெட்ட வேண்டாம். இது ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றேன்.

ஷட்டர் ஸ்பிரிங் விற்கும் கடை சாலைக் கடைத்தெருவில் இருக்கிறது. ஆட்டோ தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஷிபின், தன் பைக்கில் ஏறிக்கொள்ளச் சொன்னார். காரை வாங்க வந்தவரின் பைக்கில், ஹெல்மெட்டும் புடவையுமாக, கோட்டை வாசல் வழியாக நான் போன காட்சியைத் தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை என்றே நம்புகிறேன்.

கடைக்காரர் செல்லப்பன். பூர்வீகம் திருநெல்வேலி. நாலு கடைக்குக் கேட்கும் குரல், தன் வேலையைப் பற்றி அவருக்கே பெரிய மரியாதை. சத்தம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு, ஸ்பிரிங்தான் என்றார். ஷட்டரை இறக்கும்போது மேலே குழாயில் இருக்கும் ஸ்பிரிங் இறுகிக்கொள்கிறது. ஏற்றும்போது அந்த இறுக்கம்தான் இரும்பைத் தூக்குகிறது என்று விளக்கினார்.

"ஷட்டர மனுசன் தூக்குறதே இல்லக்கா. சும்மா தொடுதோம், அவ்வளவுதான்."

ஒரு உதவியாளரோடும் ஏணியோடும் வந்தார். வந்ததும் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். இறுக்கத்தோடு இருக்கும் ஸ்பிரிங்கை அவிழ்க்கத் தெரியாதவர் தொட்டால் கையே போய்விடுமாம். வீடியோ பார்த்து நாமே செய்ய முடியுமா என்று என் கணவர் கேட்டதற்கு ஒரு பார்வைதான் பதில்.

மேல்பெட்டியைத் திறந்ததும் சூடான காற்றோடு துரு கொட்டியது. ரசப்பொடி நிறம். எங்கள் பக்கம் கடல் தூரமில்லை. காற்றில் உப்பு, வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், நடுவில் கான்கிரீட்டைக் கொதிக்க வைக்கும் வெயில்... அந்தப் பெட்டிக்குள் இரும்பு எப்படித் தாங்கும்? போட்டிருந்த கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது.

மூன்று ஸ்பிரிங்குகளையும் கழற்றிப் பேப்பரில் வைத்தார்கள். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்று அறுந்திருந்தது. அறுந்த இடம் வெள்ளி மாதிரிப் பளபளத்தது. பக்கத்திலேயே இன்னொன்று... அதுவும் அறுந்திருந்தது. ஆனால் இதில் பளபளப்பே இல்லை. அறுந்த இடம் முழுக்கப் பழுப்பு.

இரண்டையும் இரண்டு கையில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உடைந்த இடத்திலும் துரு ஏறியிருக்கிறது என்றால், அது இன்றைக்கு உடைந்ததில்லையே.

"இது இன்னைக்கு வெடிச்சது. அப்ப இது?" என்று செல்லப்பனிடம் நீட்டினேன்.

வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "செரிதான். போன மழைக்கே போயிருக்கும். இத்தன நாளும் மத்த ரெண்டுலதான் ஓடிருக்கு. அப்ப மீதிய யாருக்கா தூக்குனா?"

நான் கையைத் தூக்கினேன். வலித்த கையைத்தான்.

முதல் ஸ்பிரிங் உடைந்தபோது சத்தம் வராமலா இருந்திருக்கும்? இடியோடு கலந்திருக்கும். இல்லையென்றால் தேங்காய்க் கணக்கில் போயிருக்கும். நாங்கள் தோளுக்கு எக்ஸ்ரே எடுத்தோம், பெட்டியை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. என் கணவர் அந்தப் பழுப்பு இரும்பை வாங்கி, கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது... கொஞ்ச நேரம்தான்.

மூன்றாவது ஸ்பிரிங் இன்னும் தாங்கும், அதை விட்டுவிடலாம் என்றார் செல்லப்பன். இல்லையென்றால் மோட்டார் வைத்து ஒரு பட்டனில் திறக்கலாம் என்றார். பட்டன் என்றதும் இவர் நிமிர்ந்தார். நான் விடவில்லை. அதுவும் அதே வருடம் வந்தது, அதே உப்புக் காற்றைக் குடித்தது, அது மட்டும் எத்தனை நாள் தாங்கும்? மூன்றையும் மாற்றச் சொன்னேன். பட்டனும் வேண்டாம் என்றேன். கையால் திறக்க முடியும் என்று தெரிந்த பிறகு பட்டன் எதற்கு?

புது ஸ்பிரிங், கை நிறையக் கிரீஸ். குழாயை மேலே ஏற்ற ஷிபினும் தோள் கொடுத்தார். வெயில் தாழ்வதற்குள் வேலை முடிந்தது. முதலில் நான்தான் திறக்க வேண்டும் என்று செல்லப்பன் ஒதுங்கி நின்றார்.

குனிந்தேன். பழக்கதோஷம்... காலை அகட்டி, முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன்.

ஷட்டர் விர்ரென்று மேலே போனது. நான் பின்னால் விழ இருந்தேன், வேடிக்கை பார்க்க வந்திருந்த மேரி டீச்சர் பிடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். இறக்கினேன். ஒரு கையால் ஏற்றினேன். திரும்ப இறக்கி, வலிக்கும் கையால், இரண்டே விரலால் ஏற்றினேன். போதும் என்று யாராவது சொல்லும்வரை நிறுத்துவதாக இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

உள்ளே தூசி படிந்து நின்றது என் சிவப்புக் கார். ஷிபின் சுற்றி வந்து பார்த்தார், பானட்டைத் திறந்து பார்த்தார், சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். பிடித்துவிட்டது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"குடுக்கல்ல மோனே. வண்டியும் நல்லாருக்கு, ஓட்டுற ஆளும் நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

பாதி நாள் வீணான மனுஷன், கோபப்பட்டிருந்தால் நியாயம்தான். அவர் சிரித்துவிட்டார். ஜிம்முக்கு ஒருநாள் வரவேண்டும், பையன்களுக்கு என்னைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். என் கணவர் உள்ளே போய்க் கார் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"நாளைக்கு நாரோயிலுக்குப் போவமா? ஒங்க அக்கா எத்தன நாளா விளிக்கா."

மன்னிப்பு என்ற வார்த்தை இல்லாமலே மன்னிப்புக் கேட்கத் தெரிந்த மனிதர்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஷட்டர் இருந்தால், மழைக்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஏறாதீர்கள். ஷட்டர் இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். கூட இருந்து தூக்கிய ஒன்று சத்தமில்லாமல் விட்டுப் போயிருக்கும். ஆபீஸில் ஒரு ஆளாக இருக்கலாம், வீட்டில் ஒரு கையாக இருக்கலாம். அது போனது தெரியாமல், முன்பு போல முடியவில்லையே என்று நாம் நம்மையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம். முடியாமல் போகவில்லை... அதிகமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறோம்.

தோள் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. இருக்கட்டும். ஒரு மழைக்காலத்திலிருந்து இரும்பு ஸ்பிரிங்கின் வேலையைச் செய்த தோள், கொஞ்சம் வலிக்க அதற்கு உரிமை உண்டு.

ஞாயிறு காலை நாகர்கோவில் கிளம்பினோம். பாறசாலை தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்தபோது, பக்கத்து சீட்டில் இவர் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லப் போ, மெல்லப் போ என்றார்.

வயசானவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.