பாலம்மாள் டீச்சர் மேயர் தேர்தலுக்கு நின்றது

மேலப்பாளையத்துப் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோவதைப் பாலம்மாள் டீச்சர் இருபது வருஷத்துக்கு மேல் பார்த்தாள். வண்ணார்பேட்டையிலிருந்து பஸ் ஏறிப்போய் அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். மேற்கொண்டு படிக்கத் தூரம் போக வேண்டும், வீடுகளில் விடவில்லை. கணக்கில் புலியாக இருந்த ஜமீலா பீவி, அடுத்த வருஷமே மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தாள். டீச்சர் அவளுடைய உம்மா ஹமீது பீவியிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"பக்கத்துல ஒரு பெரிய பள்ளிக்கூடம் கொண்டாங்க டீச்சர். அப்புறமும் நான் அனுப்பாட்டி என்னைக் கேளுங்க" என்றாள் ஹமீது பீவி.

அந்தப் பதில் டீச்சரின் மனத்தில் முள்ளாகக் கிடந்தது. அவள் ஓய்வுபெற்றாள், ஜமீலாவுக்கே ஒரு மகள் பிறந்து மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், முள் மட்டும் அங்கேயே இருந்தது. தொண்ணூற்றாறில், மாநகராட்சியான ஊருக்கு முதல் மேயர் தேர்தல் வந்தது. பெண்கள்தான் நிற்க முடியும் என்றார்கள். டீச்சர் யாரையும் கேட்காமல் போய் மனுத்தாக்கல் செய்துவிட்டு வந்தாள். அவள் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். மேசை விளக்குச் சின்னம் கிடைத்தது.

கணவர் குமரகுருபரன் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தடுக்கவில்லை. "மேயரம்மா வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பதோடு சரி. அவருடைய அண்ணன் பாபநாசம் ஒரு கட்சியில் இருந்தார். அவர் வீடு தேடி வந்து சிரித்தார்.

"ஏலே குமரா, ஒம் பொண்டாட்டி செயிச்சா அந்த மேயர் அங்கியோட வாலை நீதாம்லே தூக்கிட்டுப் பின்னால நடக்கணும்."

டீச்சர் சளைக்கவில்லை. சொந்தக்காரர்கள் நிறைந்த சைவத் தெருக்கள் தன்னைக் கைவிடாது, மேலப்பாளையம் தன்னை மறக்காது என்று நம்பினாள். இரண்டில் முதலாவதைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பிரச்சாரம் சூடுபிடித்த வாரம், அம்பாசமுத்திரத்தில் குமரகுருபரனின் பங்காளி ஒருவர் இறந்துபோனார். பல வருஷங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம். ஆனாலும் பங்காளி பங்காளிதான். பதினாறாம் நாள் வரை தீட்டு. அதற்குள் ஓட்டுப்பதிவு முடிந்துவிடும். பாபநாசம் அந்தத் துக்கச் செய்தியைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"பதினாறு கழியுத வரைக்கும் யார் வீட்டு வாசல்லயும் ஏறாத" என்றார் கணவர்.

"கழிஞ்சதுக்கு அப்புறம் போய் யாருகிட்ட ஓட்டுக் கேக்க?"

"கேக்காட்டி என்ன? ஊரு ஓடாமயா நின்னுரும்?"

மறுநாள் காலை அவள் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தூரத்துச் சொந்தமான விஜயஸ்ரீ வாசலுக்கு வந்தாள். நோட்டீஸை வாங்கக் கை நீளவில்லை.

"அத்தை, அங்கன படியில வச்சிட்டுப் போங்க. தப்பா நெனைக்காதிய. வெள்ளிக்கெழம, கோயிலுக்குப் போணும்."

டீச்சர் படியில் வைத்தாள். காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு சின்னக் கல்லை வைத்தாள். அடுத்த வீட்டிலும் கல் தேடினாள். அதற்கடுத்த வீட்டுக் கதவு, அவள் வருவதைப் பார்த்ததும் பைய மூடிக்கொண்டது. அந்தத் தெருவில் யாரும் அவளிடம் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. ஒரு வாய்த் தண்ணீரும் கொடுக்கவில்லை.

வெயில் ஏறியபோது மேலப்பாளையம் போய்ச் சேர்ந்தாள். ஹமீது பீவி தெருப் பெண்களையெல்லாம் வீட்டில் கூட்டி வைத்திருந்தாள். டீச்சருக்கு அழுகை முட்டியது.

"காலையிலேருந்து பச்சத்தண்ணிகூட வாயில படல, ஹமீது. எங்க ஆளுக என்னைத் தொடப் பயப்படுதாவ."

"இங்க யாரு பயப்படுதா? உக்காருங்க டீச்சர். எங்க தெரு ஓட்டு ஒண்ணுகூட வெளிய போகாது."

ஜமீலா டீ கொண்டுவந்தாள். எல்லாருக்கும் பழைய கிளாஸ். டீச்சருக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கிளாஸ். பெண்கள் தங்கள் கிளாஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தெருவுக்கு வந்தவள். ஒவ்வொரு நாளும் குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்தே கூஜாவில் கொண்டுவந்தாள். அது ஒரு கொள்கை என்று அவள் நினைத்ததில்லை, நினைத்திருந்தால் விட்டிருப்பாள். ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணமும் அவர் கையின் பழக்கமும் ஒன்றையொன்று பார்க்காமலே ஓர் ஆயுள் முழுக்க வாழ்ந்துவிட முடியும். கை மடியிலேயே கிடந்தது. வாய் தானாகச் சொன்னது:

"இப்பத்தான் வீட்டுல குடிச்சிட்டு வந்தேன்."

பச்சைத்தண்ணீர்கூட வாயில் படவில்லை என்று தான் சற்றுமுன் சொன்னது அவளுக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கிளாஸை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் ஹமீது பீவி அதை எடுத்துப் பக்கத்திலிருந்த கிழவியிடம் கொடுத்துவிட்டாள்.

"பரவால்ல டீச்சர். எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றாள். குரலில் கோபம் இல்லை. பெண்கள் டீயைக் குடித்து முடித்தார்கள், நோட்டீஸ்களை வாங்கிக்கொண்டார்கள், ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள்.

டீச்சர் படுதோல்வி அடைந்தாள். பாபநாசத்தின் கட்சியும் தோற்றது; அதில் அவளுக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. பதினாறு கழிந்து வீடு கழுவிவிட்டபின் அவள் மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறினாள். கூஜாவை எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டைப் பற்றிப் பேசப் போகவில்லை. ஒரு டீ கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹமீது பீவி பாய் விரித்தாள்.

"நான் போட்டேன் டீச்சர், மேசை வெளக்குக்கு. ஜமீலாவும் போட்டா."

மற்றவர்களைப் பற்றி அவள் சொல்லவில்லை. டீச்சர் கேட்கவும் இல்லை. ஜமீலாவின் மகள் மூலையில் உட்கார்ந்து பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹமீது, எனக்கு ஒரு டீ போடு."

"இருங்க, ஜமீலா கடைக்குப் போயிருக்கா."

ஜமீலா வந்தாள். கையில் ஒரு கலர் சோடா பாட்டில், மூடி திறக்காமல். டீச்சர் தெருமுனையில் வரும்போதே பார்த்துவிட்டு ஓடியிருக்கிறாள்.

"யாரும் தொடல டீச்சர். கடையிலேருந்து அப்பிடியே வாங்கியாந்தேன்" என்று சொல்லி, மூடியை அவள் கண்முன்னாலேயே திறந்து கொடுத்தாள்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பாலம்மாள் டீச்சர் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.