காய்ச்சல் தொடாத ரத்தம்

உள்ளறையிலிருந்து ஏழு வயதுப் பவுனம்மாளின் மூச்சிரைப்பு கேட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் முன்னறையில், அண்ணன் சபாபதி வைத்த வெற்றிலைத் தட்டின் முன்னால் நல்லம்மாள் அதைத் தொடாமல் நின்றாள்.

"என்ன தங்கச்சி, வாயில கொழுக்கட்டையா? எம்மவன் வேலாயுதத்துக்கு உம்மூத்தவ தனலெட்சுமியக் கேக்கிறேன். முறைப்பொண்ணு. வேற எவனுக்கும் விட்டுருவேனா? நம்ம ரத்தம்டி! கிள்ளான் தோட்டத்துக் காய்ச்சல்ல லயத்து வீடெல்லாம் காலியாச்சு. நாமதானே எழுந்து நடந்தோம்?"

உண்மைதான். இருபது வருஷத்துக்கு முன் அந்த ரப்பர் காட்டில், பக்கத்து வீட்டில் ஏழு பேருக்கு ஒருத்தி மிஞ்சினாள். இவர்கள் வீட்டில் எல்லோரும் நடுங்கினார்கள்; எல்லோரும் பிழைத்தார்கள். அந்த ரத்தம் வெளியே போகக் கூடாதென்று அப்பா நல்லம்மாளைத் தாய்மாமன் பக்கிரிசாமிக்கே கட்டிவைத்தார்.

ஐந்து பெற்றாள். ஒருவனைத் தோட்டத்துக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. இன்னொருவன் வெளுத்து, வயிறு வீங்கி, ஆறு வயதில் போனான். இப்போது பவுனம்மாள் அதே வழியில். சொந்தத்துக்கு வெளியே வாழ்க்கைப்பட்ட தங்கை வீரம்மாவும் பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள்தான்; ஆனால் அவள் வீட்டில் வெளுத்துச் செத்தவர் யாருமில்லை.

ரத்தத்தில் கடுகளவு மாறுதல், அவ்வளவுதான். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் காய்ச்சல் லேசில் கொல்லாது. ஆகவே காய்ச்சல் பூமியில் தலைமுறை தலைமுறையாக அதை உடையவர்களே அதிகம் மிஞ்சிப் பிள்ளை பெற்றார்கள். இருவரிடமிருந்தும் வந்துவிட்டாலோ, அதுவே எமன். மருத்துவர்கள் இதை விளங்கிக்கொள்ளப் பல வருஷங்கள் ஆயின. நல்லம்மாளுக்கு ஒரு சின்னக் குழியும், உள்ளறை மூச்சும் போதுமாயிருந்தன.

"தட்ட எடுத்துட்டுப் போண்ணே."

"எவடி ஓதினா? ஆஸ்பத்திரிக்காரியா?"

"எம்வயிறு சொல்லுது. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திர இருக்கு, கொசு ஒழியக் காவா வெட்டிட்டானுங்க. இந்த வெளுப்புக்கு என்ன இருக்கு? அன்னிக்கு நம்மளக் காப்பாத்தினதுதான் இன்னிக்கு எம்புள்ளைங்களத் திங்குது. என் தனமும் இப்படி உக்காந்து மூச்சு எண்ணணுமா?"

"சரி. இனிமே உனக்கு அண்ணன் இல்ல. எஞ்சாவுக்கும் வராத."

காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்குக் கஞ்சி ஊட்டிய அதே கை தட்டைத் தூக்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: உள்ளறையில் மூச்சுச் சத்தமே இல்லை.

வாய் திறந்தால் அண்ணன் திரும்புவான். கட்டிக்கொண்டு அழுவான். அந்த அழுகையில் கரைந்து தட்டை வாங்கிவிடுவோமோ என்று பயந்தாள். நல்லவேளை, அலறிக் கூப்பிடத் தனமும் தண்ணீர்க் குழாயிலிருந்து இன்னும் வரவில்லை.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சபாபதி படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.