ஊரில் இல்லாதவருக்கு மனசும் இல்லையாம்!

போன ஆடியில் காயல்பட்டினம் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. குடும்ப நலம், மனநலம் பற்றி வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்புக்கு ஒரு தனியார் நிறுவனம் தற்காலிகமாக ஆள் எடுத்தது. “அந்த மாதிரி வேலைக்குப் போனால் ஊரும் பார்த்த மாதிரி ஆகுமே, எப்படிப் போவது?” என்று இந்த வலைப்பூவில் சிலர் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் இது. கோபத்தோடு எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடி பழைய பஸ் நிலையத்தில் காலை ஏழேகாலுக்குக் காயல்பட்டினம் வழியாகப் போகும் திருச்செந்தூர் பஸ். முப்பத்திரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வலப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள். ஆடிக் காற்று கண்ணில் மண்ணை வாரிப் போடும். ஆத்தூரில் வெற்றிலைக் கட்டுகள் ஏறும், காலை ஒடுக்கிக்கொள்ளுங்கள். என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு நடத்துநர், “மனச கணக்கெடுக்கப் போறீயளா? எங்க மனசையும் கேட்டுட்டுப் போங்க. நின்னுக்கிட்டே முப்பது வருசம் ஓடிட்டு” என்றார். பஸ்ஸே சிரித்தது. அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் மட்டும் புழங்கும் சந்துகள் உண்டு. முடுக்கு என்பார்கள். ஆண்கள் அதில் நுழைவதில்லை. பெண்களிடம் நிதானமாகப் பேச வேண்டுமென்றால் முடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் அலுவலகமோ, முன்வாசலைத் தட்டு, இருபத்தைந்து நிமிடத்தில் முடி என்று சொல்லி அனுப்பியிருந்தது. ஏசி அறையில் உட்கார்ந்து குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டியவர்களின் யோசனை வேறு எப்படி இருக்கும்? தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நான் முடுக்கு வழியாகவே போனேன்.

மூன்றாவது வீட்டில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். நபீசா என்று வைத்துக்கொள்வோம், இது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. கணவர் சபராளி. வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்களை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எதிரே செம்பில் சாய்த்து வைத்த ஃபோனில் வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. வளைகுடாவில் ஏதோ ஓர் அறை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒருவருடைய முதுகு தெரிந்தது.

நான் கேட்ட எல்லாவற்றுக்கும் “நல்லா இருக்கேன்” என்றாள். தூக்கம்? “நல்லா வருது.” கவலை? “ஒண்ணுமில்ல.” கண்ணுக்குக் கீழே கரி அப்பியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயிரம் மைல் தள்ளிப் படுத்துக்கொண்டு பெண்டாட்டி வாயைக் காவல் காக்கிறானே இந்த மனுஷன் என்று நினைத்தேன். பக்கத்தில் வேறு யாரும் கேட்கக்கூடாது என்பது எங்கள் விதி. ஃபோனை எடுத்துக் குப்புற வைத்தேன்.

பதறிப் பாய்ந்து எடுத்தாள். ஒலிவாங்கியை விரலால் பொத்திக்கொண்டு, “அத மட்டும் தொடாதீங்கக்கா. அவுக என்னப் பாக்கல. நாந்தான் அவுகளப் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றாள்.

அவள் சொன்னது இதுதான்: அவருக்கு இரவு வேலை. இரண்டு மாதமாகப் பகலில் தூக்கமில்லை, சாப்பாடில்லை. ஒருநாள் “இனி முடியாது, என்ன மன்னிச்சிரு” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்திருக்கிறார். அறைத்தோழர் அன்றைக்குப் பிடித்து உட்கார வைத்தார். அன்றிலிருந்து கணவர் அறைக்கு வந்தால் இவள் ஃபோனை அணைப்பதில்லை. ஊருக்குக் கூப்பிட வேண்டியதுதானே என்றேன். “போயி எட்டு மாசந்தான் ஆச்சு. பாதியில வந்தா ஊரு பைத்தியம்னு சொல்லும்னு வாப்பா சொல்லுதாங்க. மருமகன் மானம் போயிருமாம்.” வாப்பா என்றது அவளுடைய அப்பாவை.

அதற்குள் படுத்திருந்தவர் திரும்பினார். “யாரும்மா அது? என்ன கேக்காங்க?”

“மனசு எப்படியிருக்குன்னு கேக்காங்க மச்சான்.”

“எங்கிட்டயும் கேக்கச் சொல்லு.”

கேட்டேன். வரிசையாக எல்லாக் கேள்வியும் கேட்டேன். ஒன்றுக்கும் அவர் பொய் சொல்லவில்லை. வாழ வேண்டாமென்று தோன்றியதுண்டா என்ற கேள்விக்கு, “இப்பவும்” என்றார். நபீசா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பதில்களைப் பதிய அலுவலகம் கொடுத்திருந்த டேப்லெட் அவரை ஏற்கவில்லை. சென்னைக்காரச் சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டேன். “ஆறு மாசமா வீட்ல இருந்தாத்தான் மெம்பர் மேடம். அவர டெலிட் பண்ணிட்டு அந்தம்மாவ மட்டும் அனுப்புங்க.” அந்தம்மா ‘நல்லா இருக்கேன்’ என்று சொன்னதே அந்த மனுஷன் காதில் விழட்டும் என்றுதான் ஐயா! உங்கள் கணக்குப்படி இந்த வீடு நலமாக இருக்கும் வீடு. டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு அவரிடமே பேசினேன். “அண்ணாச்சி, மஞ்சக்காமாலைன்னா வரமாட்டீங்களா? இதுக்கும் டாக்டர் இருக்காரு. தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட வாரேன்.” நபீசா முந்திக்கொண்டாள்: “வந்துருங்க மச்சான். வாப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

இரண்டு வாரம் கழித்து, நான் அனுப்பிய அந்த வீட்டுப் பதிவு அளவுக்கு மீறி நேரமெடுத்ததாக நிராகரித்தார்கள். மறுபடி கேட்க, சூப்பர்வைசரே கூட வந்தார். முடுக்குக்குள் வராதீர்கள் என்று அவரை முன்வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். நபீசா உதட்டில் விரலை வைத்தாள். “வந்துட்டாங்கக்கா. டாக்டர்கிட்ட வாப்பாதான் கூட்டிட்டுப் போனாங்க. மாத்திர சாப்புடுதாங்க. இப்பத்தான் தூங்குதாங்க.”

முன்வாசலில் தடதடவென்று தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்து, “தட்டாதீங்க, அவுக முழிச்சிருவாங்க” என்றாள். “ஆள் வந்துட்டாரா? ரெண்டு நிமிஷம் எழுப்புங்களேன்” என்றார் சூப்பர்வைசர். பிறகு அவரே, “ஓ, ஆறு மாசம் ஆகலையே. வேண்டாம், நீங்க சொல்லுங்கம்மா” என்றார்.

“நான் சொல்லுதேன். நான் நல்லா இல்ல. ரெண்டு மாசமா தூங்கல. இப்ப அவுக தூங்குதாங்க, நானும் தூங்கப் போறேன்” என்றாள். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

‘பதிலளிக்க மறுப்பு’ என்று போடச் சொன்னார் சூப்பர்வைசர். அந்த ஊரிலேயே அன்றைக்கு எங்களுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான். டேப்லெட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு மதியம் ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு: தண்ணீர் பாட்டிலும் துப்பட்டாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். பக்கத்தில் மனநல மருத்துவர் எங்கே, எந்த நாள் இருப்பார் என்று தெரிந்துகொள்ளாமல் யார் மனசையும் கிளறாதீர்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கச் சொல்வார்கள், கேளுங்கள். அதற்கு முன்னால், யார் வீட்டில் இல்லை என்று கேளுங்கள்.