கயிறு கட்டிய கமிட்டி

எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் குடியிலிருந்து காப்பாற்றக் கிளம்பிய கமிட்டியில் நானும் ஒருத்தியாக இருந்தேன். அந்தக் கமிட்டி இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் கோயில் வாசலில் கூடி, டீ குடித்து, காலம் கெட்டுப்போச்சு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கலைகிறார்கள்.

பாகலூரைத் தாண்டி எல்லை ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அந்தப் பக்கம் கர்நாடகாவில் ஒரு பிராந்திக்கடை. மாம்பழ ஜூஸ் வருமே, அதுபோன்ற சின்ன அட்டைப் பெட்டியில் அங்கே சரக்கு கிடைக்கும். எங்கள் பக்கம் அதைப் பாக்கெட் என்பார்கள். பள்ளிக்கூடப் பையில் ஜியாமெட்ரி பாக்ஸ் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. பத்தாவது படிக்கும் பையன்கள் இரண்டு பேர் அதைக் குடித்துவிட்டு ஒரே பைக்கில் வந்து பாலத்துச் சுவரில் மோதினார்கள். ஒருவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகுதான் ஊருக்கு ரோஷம் வந்து கமிட்டி போட்டார்கள்.

தலைவர் என் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. பாலிஹவுஸ் என்னும் பிளாஸ்டிக் குடில் போட்டு ரோஜா வளர்ப்பவன், மைக் கிடைத்தால் விடமாட்டான். மகளிர் குழுவில் இருந்ததால் பொம்பளைங்க சார்பில் ஒரு ஆள் என்று என்னைச் சேர்த்தார்கள்.

முதல் வேலையாக, ஒன்பதாவதுக்கு மேல் படிக்கும் எல்லாரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிவந்து கையில் கயிறு கட்டினோம். குடியை விடுவதாக வேண்டிக் கட்டும் கயிறு. பெரியவர்களும் கட்டிக்கொண்டார்கள், என் கொழுந்தன்தான் முதலில் கையை நீட்டினான். அந்தக் கயிறு இந்த ஊர் ஆம்பளைகளிடம் படும் பாடு எனக்குத் தெரியாததல்ல. குடிக்கத் தோன்றினால் அவிழ்த்துச் சாமி படத்தில் மாட்டுவார்கள். குடிப்பார்கள். மறுநாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு மறுபடி கட்டிக்கொள்வார்கள். கையில் இல்லாதபோது குடித்தால் குற்றமில்லையாம், அம்மனுக்குக் கண் தெரியாது பாருங்கள். பையன்களும் ஒரே வாரத்தில் இதைக் கற்றுக்கொண்டு கயிற்றை சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்ட ஆரம்பித்தார்கள்.

கயிறு பலிக்காததால் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று பையன்களின் பைகளைச் சோதிப்பது என்று முடிவானது. பெண்பிள்ளைகள் பையையும் பார்க்க வேண்டும் என்று சொன்னது நான்தான். மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் நிற்பவள் நான். ஒரு ஷிஃப்ட் முழுக்க உருப்படிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. அந்தப் புத்தி ஊருக்கும் கூடவே வந்துவிட்டது.

"பொட்டப் புள்ளைங்க பையப் போயி நோண்டிக்கினு... வேணாம் அண்ணி" என்றான் கொழுந்தன். கூச்சப்படுகிறான் என்று நினைத்து உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். என்னைப்போல் ஒரு மடச்சி உண்டா?

அந்தச் சனிக்கிழமை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் அவன் மகள் இறங்கினாள். பதினாறு வயது, பிளஸ் ஒன். அங்கே கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய்வருகிறவள். என்னைப் பார்த்ததும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அவள வுடுங்க அண்ணி, நம்ம வூட்டுப் புள்ளதான?" என்றான் கொழுந்தன்.

"தலைவர் பொண்ணுக்குத் தனிச் சட்டமா?" என்றேன் நான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"வேணாம் பெரியம்மா" என்றாள் அவள், எனக்கு மட்டும் கேட்கும்படி. நான் நீட்டிய கையை மடக்கவில்லை. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுக் கொடுத்துவிட்டாள். நோட்டுகளுக்கு அடியில், துப்பட்டாவில் சுற்றி நாலு பாக்கெட் இருந்தது.

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவன் கயிறு கட்டிய கையாலேயே ஓங்கி அறைந்தான். "என் மானத்த வாங்கிட்டியேடி" என்று கத்தினான். நானும் என் பங்குக்கு, "உன்னப் போயி நல்ல புள்ளன்னு நெனச்சனே" என்றேன்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. இனிமேல் போகவே மாட்டாள் என்றார்கள். மாலூர்ப் பக்கம் இருக்கும் தாய்மாமனுக்கு அடுத்த முகூர்த்தத்தில் கட்டிக்கொடுப்பதாக முடிவு. தொடை முறிந்த பையனுக்குக் கமிட்டி பழம் வாங்கிக்கொண்டு போய் அறிவுரை சொன்னது. இவளுக்கு மட்டும் கல்யாணம். பதினாறு வயதுப் பிள்ளை என்று கமிட்டியில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பாலிஹவுஸுக்குப் போனேன். அவளும் அவள் அம்மாவும் ரோஜாக்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குடி குடிச்ச?" என்றேன்.

"நான் எங்க குடிச்சேன்? அதெல்லாம் அப்பாவுக்கு" என்றாள். கயிறு கட்டிக்கொண்ட தலைவர் கடையில் நின்றால் ஊர் பார்த்துவிடுமாம். அதனால் போனில் சொல்லிவிடுவான். கடைக்காரன் பின்பக்க ஜன்னல் வழியாக அவளிடம் கொடுத்துவிடுவான். பெண்பிள்ளை பையை யார் பார்க்கப்போகிறார்கள்?

"எத்தன நாளா?"

"கயிறு கட்டின மறுவாரத்துலேர்ந்து."

அவள் அம்மா தலை நிமிராமல் காம்பு வெட்டிக்கொண்டே, "வுட்டுடுங்கக்கா, குடும்பம் நாறிப்போயிடும்" என்றாள். ஏற்கெனவே நாறிக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். ஒருவர் முகத்திலும் ஆச்சரியமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. கடைசியில், தலைவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால் விஷயம் முடிந்தது என்றார்கள். தட்டில் கற்பூரம் எரிந்தது. கொழுந்தன் முதலில் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்தான். பூசாரி ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கற்பூரத்தை அடித்து அணைத்தான். "அந்தப் பாக்கெட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல." ஏன் அவிழ்த்தான் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சரி, டீ சொல்லுங்கப்பா என்றார் ஒருவர். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. கோயில் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர், "தம்பி குடும்பத்து விஷயம், வாய மூடிக்கினு இரு" என்றார். மறுநாள் கம்பெனி கேன்டீனில் நின்று குழந்தைகள் உதவி மையத்துக்குப் போன் செய்தேன். அதிகாரிகள் வந்தார்கள். கல்யாணம் நின்றது. கொழுந்தன் பதினெட்டு வயது வரை கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அன்றைக்கே தன் போர்வெல்லிலிருந்து எங்களுக்கு வரும் தண்ணீரை நிறுத்தினான். பிள்ளையைக் கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். இப்போது பிளஸ் டூ.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். படிப்பைக் காப்பாற்றிக் கொடுத்தவள் என்ற நினைப்பு எனக்கு இருந்தது, மறைப்பானேன். கொண்டுபோன முறுக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பரீட்சை, ஹாஸ்டல் சாப்பாடு என்று ஏதேதோ பேசினோம். கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"அன்னிக்கு நான் வேணாம்னு சொன்னேன்ல பெரியம்மா? ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நான் முறுக்கு கொண்டுவந்த பையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"வேற யாராச்சும் கேட்டிருந்தா பையத் தூக்கிக்கினு ஓடியிருப்பேன். நீங்கன்னுதான் குடுத்தேன்."