வீட்டுக்காரர் முதுகில் என் கால்

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அம்மாவைப் படாத பாடு படுத்தினேன் என்று காலமெல்லாம் திட்டு வாங்கினாலும், அதனால்தான் ரங்கூனில் எனக்கு மவுசு. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப்பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை சுமப்பவர்கள் இடுப்பைக் கோணிக்கொண்டு வந்து என் வாசலில் குப்புறப் படுப்பார்கள். முதுகெலும்புக்குப் பக்கத்தில் குதிகாலை வைத்து அழுத்துவேன். மளுக்கென்று சத்தம் வரும், நிமிர்ந்து போவார்கள்.

அதே துறையில் மூட்டை சுமக்கும் என் வீட்டுக்காரர் மட்டும் படுக்கமாட்டார். புருஷன் மேல் பெண்டாட்டி கால் படுவது பாவமாம். வலியில் பல்லைக் கடிப்பாரே தவிர முதுகைக் காட்டமாட்டார். வறட்டுப் பிடிவாதம்.

எங்கள் துறைக்கும் அரிசி ஆலைக்கும் வருஷா வருஷம் படகுப்போட்டி நடக்கும். அவர்தான் முதல் துடுப்பு. அவர் போடும் வீச்சைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வலிப்பார்கள். அந்த வருஷம், படகைத் தண்ணீரில் இறக்கும்போதே அவர் முதுகு பிடித்துக்கொண்டது. வளைந்தவர் நிமிரவில்லை. படகின் தலைவரான பர்மியர் நேரே என்னிடம் ஓடிவந்தார். "ஸயாமா, நீங்கதான் பாக்கணும்" என்றார். வைத்தியம் பார்க்கிற பெண்ணை அவர்கள் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள்.

"வேணாம். நாலு பேரு பாக்க இவ காலு என் மேலயா?" என்றார் இவர்.

எனக்கு வந்ததே கோபம்! "நாலு பேரு பாக்கத் தோக்குறது மட்டும் கௌரவமா? படுங்க!"

துறைப் பலகையில் படுத்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஊன்றிய துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எத்தனையோ முதுகுகளை மிதித்தவள், அன்று இடம் சரிதானா என்று கால் கட்டைவிரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தேன். ஏடாகூடமாக ஏதாவது ஆகிவிட்டால் அவர் மூட்டையும் தூக்க முடியாது, துடுப்பும் பிடிக்க முடியாது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு அழுத்தினேன். மளுக்!

எழுந்தார். இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமலே படகில் ஏறினார்.

போட்டியில் நான் வேறெதையும் பார்க்கவில்லை. அந்த முதுகு வளைவதையும் நிமிர்வதையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். படகின் மூக்கு நீள வித்தியாசத்தில் எங்கள் படகு ஜெயித்தது. அதில் பாதி ஜெயம் என் குதிகாலுடையது என்று இன்றைக்கும் சொல்வேன்.

கூட்டத்தில் என் செருப்பைக் காணோம். தேடிக்கொண்டிருந்தபோது இவர் வந்தார். தோளில் பரிசாகக் கிடைத்த பட்டுத்துணி, கையில் என் செருப்பு.

"குடுங்க" என்று கை நீட்டினேன்.

"காலெல்லாம் சேறு. வீட்டுல கழுவிட்டுப் போட்டுக்கலாம், வா."

வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் பபேடான் கடைத்தெருவில் எங்களைத் தெரியாதவர்கள் கிடையாது. நாலு பேர் என்ன, நானூறு பேர் பார்க்க, என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நிமிர்ந்து நடந்தார்.