ஏற்றிவிட்டவர் இறங்க வேண்டும்

என்சைம் விற்கிற கம்பெனியில் போன் எடுப்பவனுக்கு இரண்டே வகை அழைப்புகள்தான் வரும்: வேலை செய்யவில்லை, இன்னும் வேலை செய்யவில்லை. நீங்களும் இப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்தவர் என்றால், மணி அடித்ததும் கை எவ்வளவு மெதுவாக நீளும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு குப்பிகள்

திருமழிசையில் எங்கள் யூனிட். பாக்டீரியாவின் டி.என்.ஏ. நகலாகத் தொடங்குவதைச் சோதனைக்குழாயில் நடத்திப் பார்க்க ஒரு கிட் தயாரிக்கிறோம். பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மேகலா அக்கா இரண்டு வருடமாகச் செய்யும் ஆராய்ச்சி இப்போது அதை நம்பித்தான் இருக்கிறது. அவருடைய பேராசிரியர் ஒருநாள் அழைத்து, நகலெடுப்பது பாலிமரேஸ்தானே, மற்ற ஐந்து குப்பி எதற்கு என்றார்.

பாலிமரேஸால் தானாக ஆரம்பிக்க முடியாது என்றேன். முதலில் ஒரு புரதம் கூட்டமாக வந்து இரட்டை இழையை ஓரிடத்தில் கொஞ்சம் திறக்கும். அங்கே மோதிரம் போன்ற ஹெலிகேஸை இன்னொரு புரதம் தூக்கிவந்து மாட்டிவிடும். ஹெலிகேஸ் இழையைப் பிரித்துக்கொண்டே ஓடும். பிரிந்தது மறுபடி ஒட்டாமல் வேறொரு புரதம் பிடித்துக்கொள்ளும். ப்ரைமேஸ் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தொடங்கிக் கொடுத்த பிறகுதான் பாலிமரேஸ் கைவைக்கும்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூணு தடவை ஓடலை. இந்த வாரமும் ஓடலைன்னா அந்தப் பொண்ணுக்குத் தலைப்பையே மாத்திடுவேன். ஆறு பேரை அனுப்பிட்டு ஒருத்தரும் வேலையை ஆரம்பிக்கலைன்னா எப்படிப்பா?"

பேக்கிங் மேசை

ஏதாவது குப்பி மாறிப் போயிருக்குமோ என்று பேக்கிங் பார்க்கும் குமரேசன் அண்ணனிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் டேப் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆறையும் ஐஸ்ல வெச்சிகினுதான் அனுப்ச்சேன் நைனா. என் கைல தப்பு கீதான்னு பாக்க வந்துட்ட. பொட்டிக்குள்ள போடச் சொல்லி நீ எய்துன காய்தத்த ஒரு தபா பட்ச்சிப் பாத்தியா?"

கூடுதலாக இரண்டு துளி

படிக்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறிக் கல்லூரிக்கே போனேன். மேகலா அக்கா துளி அளக்கும் பிப்பெட்டை நிதானமாகத்தான் பிடித்தார். கண் மட்டும் சரியாகத் தூங்காத கண். எல்லாம் முறையாகத்தான் செய்தார். ஹெலிகேஸை மாட்டிவிடும் புரதத்தை மட்டும் அளவுக்கு மேல் எடுத்தார். தடுத்தேன். அது ஹெலிகேஸை மாட்டிய கையோடு விலகிவிட வேண்டும். அதிகமாகப் போட்டால் விலகாமல் ஹெலிகேஸைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஹெலிகேஸ் அசையாது.

அவர் எங்கள் செய்முறைக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். 'எந்தக் குப்பியிலும் சற்றுத் தாராளமாக எடுக்கலாம்' என்று அச்சாகியிருந்தது. எழுதியது நான்தான். சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒவ்வொரு தடவை ஓடாதப்பவும் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டேன் தம்பி. உதவி பத்தலைன்னு நெனச்சேன்."

கோடு

அளவைக் குறைத்து மறுபடி கலந்தார். கருவியின் திரையில், நகல் எவ்வளவு என்று காட்டும் கோடு தரையோடு கிடந்தது. பிறகு மெல்லத் தலை தூக்கி, ஏறத் தொடங்கியது. அவர் பேராசிரியருக்குப் போன் போட்டார். இந்த முறை போனில் புகார் இல்லை. நான் அடுத்த படியையும் பார்க்கலாம், அதற்கடுத்ததையும் குறித்துத் தரலாம் என்று பக்கத்திலேயே நின்றேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அப்போதும் நின்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"அதான் ஓட ஆரம்பிச்சிடுச்சே தம்பி, நீங்க இன்னும் ஏன் பிடிச்சிட்டு நிக்கறீங்க?"

காகிதத்தில் அந்த ஒரு வரியை அன்று சாயங்காலமே திருத்திவிட்டேன், என்னைத் திருத்தத்தான் இன்னும் இரண்டு மூன்று பஸ் பயணம் ஆகும்.